வாசகரைத் தயாரித்தல்: பதின்வயதினர், இசை இதழ், கேள்வித்தாள்

உன் வயசு என்ன? ஆணா, பெண்ணா? எந்த மாதிரிப் பாட்டு கேட்பாய்? ஓர் இதழுக்கு எவ்வளவு காசு கொடுப்பாய்? இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008இல் கொண்டுவந்த ஊடகப் பாடத்திட்டத்தில் 16, 17 வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை வேலை இருந்தது. புதிய இசை இதழ் ஒன்றின் அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கக் கட்டுரை ஆகியவற்றை அவர்களே தயாரிக்க வேண்டும். அதன் வாசகர் யார் என்றும் கடைசியில் பதில் எழுத வேண்டும். பிள்ளைகள் இப்படிக் கேள்வித்தாள் தயாரித்துக் கூடப் படிப்பவர்களிடம் நீட்டினார்கள்.

பார்க்க விளையாட்டு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பதின்வயது வாசகர் என்று ஒருவர் ஏற்கெனவே எங்கோ உட்கார்ந்திருந்தார், ஆய்வு போய் அவரைக் கண்டுபிடித்தது என்றுதான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் நடந்தது தலைகீழ். கேள்விகளே அவரைத் தயாரித்தன.

லண்டன் பிரஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விளம்பர நிறுவனத்திலிருந்து மார்க் ஆப்ராம்ஸ் 1959இல் 'டீனேஜ் நுகர்வோர்' என்ற சிறுநூலை வெளியிட்டார். அதில் டீனேஜர் என்பவர் யார்? 13இலிருந்து 19 வரை என்று நாம் அகராதியைப் புரட்டினால் ஏமாந்துபோவோம். 15இலிருந்து 24 வயசு வரையுள்ள, கல்யாணம் ஆகாதவர் என்பது ஆப்ராம்ஸின் வரையறை. 24 வயசுப் பிரம்மச்சாரி டீனேஜர். கல்யாணம் முடித்த 19 வயசுப் பெண் டீனேஜர் அல்ல. 15 வயசு என்பது அன்று பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் வயசு. ஆக, சம்பளம் வந்துவிட்டது, குடும்பச் செலவு இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியின் பெயர்தான் டீனேஜ். உடலின் பருவமாக நாம் நினைப்பது இங்கே சட்டைப்பையின் பருவம்.

1938ஐ விட இவர்களது உண்மை வருமானம் ஏறத்தாழ பாதியளவு கூடியிருந்தது. இஷ்டம்போல் செலவழிக்கும் பணம் இரட்டிப்பாகியிருந்தது. இசைத்தட்டுக்கும் அதைப் போடும் கருவிக்கும் நாடு செலவழித்ததில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இவர்கள் கொடுத்தது. இந்தச் சந்தையின் ரசனை கிட்டத்தட்ட முழுக்கத் தொழிலாளி வர்க்க ரசனை என்றும் ஆப்ராம்ஸ் எழுதினார். ஒரு மார்க்சியர் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். விளம்பரக்காரர் எழுதினார், விற்பதற்காக.

அடுத்த வருஷமே, 1960இல், அதே ஆப்ராம்ஸ் வேறொரு நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1959 தேர்தலில் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து தோற்ற தொழிற்கட்சி இனியும் தோற்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் நூல் அது. இசைத்தட்டு வாங்குபவரைத் தேடிய கருவி இப்போது வாக்காளரைத் தேடியது. சர்வே என்றால் முதலாளி, சர்வே எதிர்ப்பு என்றால் நாம் என்று கோடு கிழித்துவிட முடியாது. வானொலி ஆய்வின் முன்னோடி பால் லாசர்ஸ்பெல்டும் வியன்னாவின் சோஷலிச இயக்கத்திலிருந்து வந்தவர். மரியென்தால் கிராமத்தில் வேலையிழந்தவர்களின் வாழ்வைப் பதிவுசெய்த ஆய்வுக் குழுவில் இருந்தவர். அமெரிக்கா போன பிறகு, பிடித்தால் ஒரு பொத்தான், பிடிக்காவிட்டால் இன்னொரு பொத்தான் என்று நேயர்கள் அழுத்தும் கருவியை ஃபிராங்க் ஸ்டான்டனுடன் சேர்ந்து உருவாக்கினார்.

1938இல் அவரது வானொலித் திட்டத்தில் இசைப் பகுதிக்கு வந்து சேர்ந்த அடோர்னோவுக்கு இது ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியதை அடையாளம் கண்டுகொள்வதைத்தான் 'பிடித்திருக்கிறது' என்கிறார்கள். பழக்கியது யார் என்பதை விட்டுவிட்டு விருப்பத்தை மட்டும் அளப்பது என்ன ஆய்வு? இப்படிப் போகிறது அவரது ஆட்சேபம். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திய ஆளிடம் பேசிப் பார்க்கும் பொறுமை அடோர்னோவுக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

இந்தக் குறை பிறகும் தொடர்ந்தது. பாப் பாடகர் படங்களும் காதல் கதைகளுமாக 1964இல் தொடங்கிய 'ஜாக்கி' இதழைப் பற்றி 1978இல் ஏஞ்சலா மெக்ராபி பர்மிங்ஹாம் ஆய்வு மையத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளைகளைக் காதலுக்குள் அடைக்கும் கருத்தியலை அந்தப் பிரதியில் பக்கம் பக்கமாகக் காட்டினார். அதைப் படித்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சிரித்தார்களா, நம்பினார்களா, தோழியோடு சேர்ந்து கேலி செய்தார்களா? அந்தக் கேள்வி விடுபட்டதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு தன் நிலைப்பாட்டைத் திருத்தினார். சந்தை விற்பதற்காக வாசகரைக் கேட்டது. விமர்சனம் கேட்காமலே தீர்ப்பு எழுதியது.

அதே 1978இல் நிக் லோகன் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழைத் தொடங்கினார். அதன் அடிப்படைச் சரக்கு பாட்டு வரிகள். நம்மூர்த் தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பாட்டைத் தானும் பாட வேண்டும் என்ற ஆசைக்கு 'ஆணா பெண்ணா' கட்டத்தில் இடமில்லை. 2006இல் மூடப்படும்வரை அந்த இதழ் அந்த ஆசையைக் காசாக்கியது என்பதும் உண்மை. புனிதப்படுத்த வேண்டாம்.

அந்த வகுப்பறைக்குத் திரும்புவோம். முன்னெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளை அளந்தார்கள். இங்கே பிள்ளைகளே பிள்ளைகளை அளக்கிறார்கள். பக்கத்து பெஞ்சில் இருக்கும் தோழி என்ன கேட்கிறாள் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை மறந்து, அவளை ஒரு சதவீதமாகப் பார்க்கப் பழகுவதுதான் பயிற்சி. எனினும் இதழைத் தயாரிப்பவரும் வாசிப்பவரும் ஒரே வகுப்பில் இருக்கும் அந்த நிலைமை அபூர்வமானது. எந்தப் பாட்டை யாரோடு சேர்ந்து கேட்கிறாய், யாருக்குத் தெரியாமல் கேட்கிறாய், இந்த இதழில் நீ என்ன எழுதுவாய் என்று அங்கே கேட்டிருக்கலாம்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் வாசகரைக் கேட்பதில்லை என்பதில் நமக்கு ஒரு பெருமை. சந்தைக்கு விலைபோகாத பெருமைதான், சரி. ஆனால் 17 வயசுப் பிள்ளை ஒன்று இந்தப் பக்கத்தைப் புரட்டினால் அதற்கு இங்கே என்ன இருக்கிறது? அதை நாம் யாரிடமும் கேட்டதில்லை.