நிறம் போனது, உப்பு நின்றது

திருப்பூர் சாயக்கழிவின் வரலாற்றை நிறத்தின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நொய்யல் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது கண்ணில் பட்டது. வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணில் படாத உப்புக்கு. 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்பவை. ஆனால் நீரில் சாயம், பருத்தி இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம்தான், ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கத்தான் சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கொட்டுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

1990களில் எழுந்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைக் கசடாக்கிப் பிரித்தன. உப்பு ஆற்றோடு போயிற்று. 1992இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே அந்தக் கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் விநோதமும் நடந்தது. வினையூக்கி முறைகள் இந்தக் கழிவுச் சிக்கலைத் தீர்த்திருக்கும் என்பவர்கள் உண்டு. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப்பொருளைச் சிதைக்கும் என்று வேதியியலாளர் ஃபென்டன் 1894லேயே காட்டிவிட்டார். சாய மூலக்கூறை உடைக்க அது போதும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு, அந்த வினையில் உண்டாகிச் சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். குளோரின் ஏறிய புதுக் கரிமங்களும் உண்டாகலாம். எல்லாம் நன்றாகவே நடந்தாலும் அழிவது கரிமம் மட்டும்தான். சோடியத்தை எந்த ஊக்கியாலும் எரிக்க முடியாது.

அப்படியானால் அந்த வேதியியல் வீணா? இல்லை, அதற்குரிய இடம் தாமதமாகக் கிடைத்தது என்பேன். சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கண்டிப்பு காட்டி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் உப்பைத் திரும்ப எடுக்க வேண்டிய சரக்காகப் பார்க்கும் பார்வை வலுத்தது. சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால், ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடு பரவல்) ஒதுக்கிய உப்புக்கரைசலையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். அதில் பழைய சாயத்தின் மிச்சம் இருந்தால் அடுத்த துணியின் ஷேடு மாறிவிடும். கரிமத்தைச் சிதைக்கும் முறைகளுக்கு அங்கேதான் உண்மையான வேலை. இதெல்லாம் கட்டுப்படியாகாது, உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகள் மின்சாரத்தையும் விறகையும் விழுங்குகின்றன என்ற தொழில் தரப்பின் மறுப்பு பொய்யல்ல. குளோரைடும் சல்பேட்டும் கலந்த உப்பு வாங்க ஆளில்லாமல் தேங்குவதும் உண்மைதான். ஆனால் அந்தச் செலவு மூடல் உத்தரவுக்கு முன்பும் இருந்தது. பனியனின் விலையில் அது ஏறவில்லை, ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தவர்களின் விளைச்சலில் கழிந்தது.