63 பைட்டுக்குள் ஒரு தமிழ்ப் பெயர்

1985-ல் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் பிரிண்டரையும் ஆப்பிள்டாக் வலையமைப்பையும் கொண்டுவந்தது. (அதே ஆண்டில்தான் மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ மென்பொருளும் பிறந்தது.) வயரைச் சொருகினால் போதும், பிரிண்டரின் பெயர் திரையில் வந்து நிற்கும். இணையம் பரவி எல்லாரும் ஐபி முறைக்கு மாறியபோது அந்தச் சுகம் போனது. எண்களைக் கையால் தட்ட வேண்டியதாயிற்று.

1997-ல் ஸ்டூவர்ட் செஷயர் இந்த இழப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1999-ல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் ‘ஜீரோகான்ஃப்’ குழுவை அமைத்தது. 2002-ல் மேக் கணினிகளில் ‘ரான்டவூ’ என்று வந்த நுட்பம், பெயருரிமைத் தகராறால் 2005-ல் ‘போன்ஷூர்’ ஆனது. பெயர் சொல்வதற்கென்றே வந்த நுட்பத்துக்குப் பெயரால் வந்த வம்பு!

அது நடந்துகொள்ளும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதிதாக வந்த பிரிண்டர் 224.0.0.251 என்ற பொது முகவரியில், “இந்தப் பேரு யாருக்காச்சும் இருக்கா?” என்று கால் வினாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். பதில் இல்லையென்றால் பெயர் அதனுடையது. இருந்தால், பின்னால் 2 சேர்த்துக்கொள்ளும். பதிவு அலுவலகம் கிடையாது, பாரமும் நிரப்ப வேண்டாம்.

பெரிய இணையத்தில் கதை வேறு. டொமைன் பெயரைத் தமிழில் எழுதினாலும், உள்ளே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் அது பயணம் செய்யும். வீட்டு வலையமைப்பில் அந்த மாறுவேடம் தேவையில்லை. பிரிண்டரின் பெயர் யூடிஎஃப்-8-ல் தமிழாகவே போகும். வரம்பு 63 பைட். ‘அச்சுப்பொறி’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடு அதை 11 குறிகளாகப் பிரிக்கிறது. குறிக்கு 3 பைட், ஆக 33. ஆங்கிலத்துக்கு 63 எழுத்து கிடைக்கும் இடத்தில் நமக்கு 21 குறிதான்.

‘ஸ்கூடாய் வீட்டு அச்சுப்பொறி’ என்று வைக்கப் பார்த்தேன். 77 பைட், அடங்கவில்லை. ‘அம்மா அறை அச்சுப்பொறி’ 59. அதையே வைத்தேன். பிரிண்டரின் சின்னத் திரையில் வெறும் கட்டங்கள்தான். ஆனால் அம்மா போனில் பார்த்துவிட்டு, “என்னடா, நம்ம எழுத்துல வருது?” என்றார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். அதுவரை எதை அச்செடுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்.

இந்தப் பெயர் ரவுட்டரைத் தாண்டாது. காஸ்வேக்கு அந்தப் பக்கம் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 2011 முதல் ‘.சிங்கப்பூர்’ இருக்கிறது. இந்தப் பக்கம் மலேசியாவின் பெயர் ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் இல்லை. அண்ணன் தினமும் விடியற்காலையில் அங்கே வேலைக்குப் போகிறவர். மோட்டார் எங்கள் கேட்டைத் தாண்டியதும் அவர் போனிலிருந்து அம்மாவின் பிரிண்டர் மறைந்துவிடும்.