தில்லித் தொட்டில்களில் கிடைத்த தடுப்பு மருந்து

கைக்குழந்தைக்குப் பேதி கண்டால் "பல் முளைக்கிறது" என்பர் நம் பாட்டிமார். மாந்தம் என்று வசம்பு உரைத்துக் கொடுப்பாரும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அந்நோயின் தலையாய காரணம் ஒன்று 1973 வரை மருத்துவர்க்கே புலப்படவில்லை. அவ்வாண்டில், மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் தோழர்களும், நோயுற்ற சேய்களின் சிறுகுடல் திசுவில் ஒரு வைரஸைக் கண்டனர். சக்கரம் போன்ற உருவத்தால் அது 'ரோட்டா' எனப் பெயர் பெற்றது. செல்வர் வீட்டுத் தொட்டிலையும் அது விட்டுவைப்பதில்லை. ஆயினும் மருத்துவம் எட்டாத இல்லங்களிலேதான் உடல்நீரை வற்றச்செய்து உயிரைக் கொள்ளும்.

1980களின் இடையில், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் பலரின் குடலில் இவ்வைரஸ் குடியேறியிருந்தது, பேதியோ இல்லை! நோயில்லையே என்று கைவிடாமல், டாக்டர் மகராஜ் கிஷன் பானும் குழுவினரும் அக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். பின்னாளில் கடும் ரோட்டா நோயினின்று அவர்களுக்குக் காப்பு இருந்தது. 116-இ எனப்பட்ட அவ்வைரஸில், மாட்டு வைரஸின் மரபணு ஒன்று இயற்கையாகவே கலந்திருந்தது. பெரியம்மைத் தடுப்புக்கும் பசுவின் நோயே வழிகாட்டியதை ஈண்டு நினைவுகூரலாம்.

கண்டது மருந்தாக ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்றன. இதனிடையே, அமெரிக்காவில் 1998இல் வந்த வேறொரு ரோட்டா மருந்து, சில குழந்தைகட்குக் குடல் செருகலை உண்டாக்கியதால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் எச்சரிக்கை மிகுந்தது. தில்லி, புனே, நம் வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஹைதராபாதில் தயாரான மருந்து சோதிக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, முதலாண்டில் கடும் நோய் நூற்றுக்கு 56 பங்கு குறைந்தது. முழுக் காப்பு அன்றெனினும், மருத்துவமனை தொலைவிலுள்ள சிற்றூரில் அது பெரும்பேறே.

2016இல் ஆந்திரம், அரியானா, இமாசலம், ஒடிசா மாநிலங்களில் இம்மருந்து பொதுத் தடுப்புத் திட்டத்தில் இடம்பெற்றது. 2019இல் ரோட்டா தடுப்பு நாடெங்கும் விரிந்தது. ஊசியில்லை, வாய்வழியே புகட்டுவது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மூன்று தவணை. தாய்வீட்டில் மகப்பேறு முடித்துத் தில்லிக்கோ நாகபுரிக்கோ திரும்பும் பெண்களுக்கு இவ்வாரங்கள் பயணத்திலேயே கழிவதுண்டு. முதல் தவணை குறித்த அட்டை பெட்டியின் மேலேயே இருக்கட்டும். எஞ்சியவற்றைச் சேர்ந்த ஊரின் அரசு மருத்துவ நிலையத்தில் இலவசமாகவே பெறலாம்.