குழந்தையின் வயிறும் ஒரு துண்டு ரொட்டியும்



பேராக்கில் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் பாடம் சொல்லத் தொடங்கிய புதிதில், முதலாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டான். வயிறு உப்பியிருக்கும், கைகால்கள் குச்சியாய் இருக்கும். "எது கொடுத்தாலும் வயிற்றால் போகுது சார்" என்பார் அவன் தாயார். பாலை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார், பருப்பையும் நிறுத்தினார். கடைசியில் மிஞ்சியவை கஞ்சித் தண்ணீரும் பிஸ்கோத்தும்தான். சில மாதங்களில் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அவனுக்கு இருந்த நோய் இன்னதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவனை நினைக்கும்போதெல்லாம் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது.

1888ஆம் ஆண்டு லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர், வயிறு உப்பி, உடல் மெலிந்து, ஓயாமல் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். இந்நோய் தீருமானால் அது உணவால்தான் தீரும் என்றும் சொன்னார். ஆயினும் எந்த உணவு பகை என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மாவுணவைக் குறைக்கச் சொன்னவர், ரொட்டியை மெல்லியதாக வெட்டி வாட்டிக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்.

1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இத்தகைய குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளில், வாழைப்பழ உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினர். அது பெறாத இருவர் இறந்தனர். வாழைப்பழமே மருந்து என்று உலகம் நம்பியது. உண்மை வேறு. அவருடைய உணவுப் பட்டியலில் ரொட்டி இல்லை. குழந்தைகளைக் காத்தது தட்டில் இருந்த பழமன்று, தட்டில் இல்லாத கோதுமை! அது புரியாததால், தேறிய பிள்ளைகள் மீண்டும் ரொட்டி தின்றார்கள், நோயும் திரும்பியது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தியதும் பிள்ளை தெளிந்தது என்று ஒரு தாய் சொன்னதே 1930களில் அவரைச் சிந்திக்க வைத்தது என்பார்கள். அவர் கோதுமையை விலக்கிப் பார்த்தார், குறிப்பெழுதினார். பிறகு போர் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். மக்கள் துலிப் பூவின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். ஊரே வாடியபோது டிக்கேயின் நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். 1945இல் வெளியிலிருந்து மாவும் ரொட்டியும் வந்து சேர்ந்தன. அக்குழந்தைகள் மீண்டும் படுத்தார்கள். 1950இல் டிக்கே தம் ஆய்வை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே காரணம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. குடலின் உட்புறம் வெல்வெட் துணியின் மேற்பரப்பைப் போன்றது. இந்நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டன் அந்த வெல்வெட்டைத் தேய்த்துவிடுகிறது. அதை விலக்கினால் குடல் மெல்ல மெல்லத் தன்னைத் தானே சீராக்கிக்கொள்கிறது.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதில் மாவுச்சத்து உண்டு. புரதமோ மிகக் குறைவு. அதனால் பிள்ளைகள் மெலிந்தார்கள். ஒவ்வாததை விலக்கினால் குடல் தேறும். வேண்டியதையும் சேர்த்து விலக்கினால் உடல் தேயும். இரண்டையும் பிரித்தறிவதே இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம்.

இந்நோய் எல்லாருக்கும் வருவதன்று. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் வடக்கே பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்பட்டது. ஆகவே ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும் வீணாக அஞ்ச வேண்டாம். வயிற்றுப்போக்குக்குப் பின் சில குழந்தைகளுக்குக் கொஞ்ச காலம் மாட்டுப்பால் செரிக்காமல் போவதும் உண்டு. குடல் தேறியதும் அது பெரும்பாலும் சரியாகிவிடும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது.

தாய்மார்களே, பிள்ளையின் வயிறு நெடுநாள் சரியில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். என்ன சாப்பிட்டான், வயிறு எப்படி இருந்தது, எடை எவ்வளவு என்று எழுதுங்கள். அதோடு கிளினிக்குக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் மறைந்துகொள்ளும். கோதுமை ஆகாதென்று மருத்துவர் உறுதி செய்தால் பிஸ்கோத்தும் மீயும் ரவையும் கீச்சாப்பும் விலகட்டும். சோறு, இட்லி, மீகூன், பருப்பு, மீன், முட்டை, கீரை, வாழைப்பழம் ஆகியவை தட்டை நிறைக்கட்டும்.

அந்தச் சிறுவனின் தாயாரிடம் அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று. டிக்கே ஒரு தாயின் சொல்லைக் கேட்டார். உங்கள் கண் கண்டதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.