தெருக்கூத்தின் மருளும் நவீனத் தமிழ் அரங்கும்

ஷாமனியத்தில் ஆன்மா உடலைவிட்டு வேற்றுலகம் செல்கிறது என மிர்ச்சா எலியாடே 1951இல் வரையறுத்தார். தமிழகத்துச் சாமியாட்டத்தில் தெய்வமே ஆளின்மேல் இறங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் சடங்குமரபு நவீன கலைக்கு அளித்ததை மதிப்பிட இயலாது.

கெடார் அமைந்துள்ள விழுப்புரம், செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய நிலப்பகுதியாகும். இங்குப் பாரதக் கூத்தின் பதினெட்டாம் போரில் வேடமிட்டோர் மருள் கொள்வதுண்டு. காண்போர் மீதும் அருள் இறங்கும். விடிந்தபின் படுகளத்தில், துரியோதனனின் மண்ணுருவின்மேல் திரௌபதி கூந்தல் முடிக்கையில் கூத்தும் சடங்கும் ஒன்றாகின்றன.

1931இல் பாரிசில் பாலித்தீவு ஆட்டத்தைக் கண்ட அந்தோனின் ஆர்த்தோ, உரையாடலுக்கு அடங்காத உடலின் அரங்கை வேண்டினார். ந. முத்துசாமி அத்தகைய அரங்கைத் தெருக்கூத்தில் கண்டார். 1977இல் சென்னையில் உருவான அவரது கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் அடவும் பாட்டும் பயின்றது.

நவீன மேடைக்கு வந்தது மருளைத் தாங்கப் பழகிய உடலின் பயிற்சியே. மருளுக்கு இடமளிக்கும் விரதமும் நேர்த்திக்கடனும் படுகளமும் ஊரிலேயே தங்கின. எனவே இம்மாற்றத்தை ‘ஷாமனியத் தாக்கம்’ என்பதினும் ‘சடங்குடலின் இடப்பெயர்வு’ என்பதே பொருந்தும்.