நார் செய்த குற்றம்

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயனாகிய றொபேட் நொக்ஸ், ஊரூராகச் சில்லறை வாணிகம் செய்துகொண்டே தப்பும் வழியைத் துருவியவன். வடபுலத்துக் கெட்ட நீர் அவனைக் காய்ச்சலில் வீழ்த்திற்று. அதற்கு அந்நாட்டில் அவன் அறிந்த மாற்று, உலர்ந்த இலையொன்றை இடித்துக் கருப்பட்டியுடன் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பது. அவ்விலை கஞ்சா. 1681இல் வெளிவந்த தன் நூலில் இதனை அவன் ஒளிக்காமல் எழுதினான். அவனுடைய நண்பரும் அறிவியலாளருமான றொபேட் ஹூக், 1689 டிசம்பரில் இலண்டன் றோயல் கழகத்தில் இச்செடியைப் பற்றிப் பேசியபோது, வித்து, இலை, தண்டு, பூ யாவற்றிலும் இது ஹெம்ப் செடியையே ஒத்தது என்றார்.

ஹூக் கண்டது சரியே. இரண்டும் ஓரினத்துச் செடிகள். (நாம் சணல் என வழங்கும் யூட்டும் சணப்பையும் வேறு, ஹெம்பைச் சணல் என்று பெயர்த்துக் குழம்புவோர் பலர்.) ஒருவகை போதைப் பிசின் மிகுந்தது, மற்றையது நாருக்காக நெருக்கி விதைக்கப்பட்டு, நான்கு மாத அளவில் ஆளுயரத்தைக் கடந்து வளர்வது. அதன் தண்டை நீரில் ஊறவிட்டு உரித்த நாரினால் ஆனவையே இங்கிலாந்தின் கப்பல் வடங்கள். நார் உரித்த சக்கையைச் சுண்ணாம்புடன் கலந்து சுவருக்கு இடலாம். வித்து எண்ணெய் தரும். 1533இல் எட்டாம் ஹென்றியின் சட்டம், அறுபது ஏக்கர் உழுபவன் கால் ஏக்கரிலேனும் ஆளியோ ஹெம்போ விதைத்தாக வேண்டுமென விதித்தது. விதையாதவன் குற்றவாளி!

அதே பேரரசின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையில், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் உரிமமின்றி விதைத்தவனைக் குற்றவாளியாக்கிற்று. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கருதியது பெண்செடியின் உலர்ந்த பூந்தலையை; நமது சட்டமோ செடியையே வேரோடு பிடித்தது. நாருக்கென்றும் போதைக்கென்றும் அது பிரித்துப் பார்க்கவில்லை. ஐக்கிய நாடுகளின் 1961ஆம் ஆண்டுத் தனி உடன்படிக்கையோ, நாருக்கும் வித்துக்கும் மட்டும் பயிரிடுவதைத் தன் கட்டுப்பாட்டினின்றும் 28ஆம் உறுப்புரையில் விலக்கிவிட்டது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம்விட்டது. 2018இல் உத்தரகண்ட் மாநிலம், போதைச்சத்து 0.3 வீதத்தை மிஞ்சலாகாது என்ற வரையறையுடன் உரிமம் வழங்கத் தொடங்கிற்று.

நார்ப்பயிருக்குள் கஞ்சாவை ஒளித்து வளர்ப்பார்களே என்பர். நார்ப்பயிரின் மகரந்தம் பரவினால் கஞ்சாப்பூ வித்துப் பிடித்துத் தரங்கெடும் என்பதைப் பயிரிடுவோர் அறிவர். எஞ்சிய ஐயத்தை ஆய்வுகூடம் தீர்க்கும்.

2025இல் கதவு சற்றே திறந்தது. யாருக்கு? மருந்துக்காகக் கஞ்சா பயிரிட்டு ஏற்றுமதி செய்ய, மீரிகமையில் 64 ஏக்கரில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு. ஒவ்வொருவரும் குறைந்தது ஐம்பது இலட்சம் டாலர் முதலிட வேண்டும். போதை மிகுந்த செடி மூலதனத்தின் கையில் மருந்தாகிறது. போதையற்ற நார்ச்செடி குடியானவன் கையில் குற்றமாகவே நிற்கிறது.

கண்டியை அடுத்த தும்பறையில் ‘ஹண’ நாரால் பாய் நெய்வோர் இன்றும் உளர். இக்கலையை யுனெஸ்கோ 2021இல் தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அன்று பாய் நெய்த கின்னரர் தலையில் எதையும் அணியலாகாது என்ற சாதிக் கட்டுப்பாட்டையும் நொக்ஸ் குறித்திருக்கிறான். இத்தகையோருக்குப் புதிய நாரொன்று பயன்படுமா என்பதை ஊகத்தால் தீர்க்க வேண்டியதில்லை. விவசாயத் திணைக்களம் பேராதனையிலேயே இருக்கிறது. போதை குறைந்த வகையை ஓர் ஏக்கரில் விதைத்து, மலைநாட்டு மழையில் தண்டு எவ்வாறு தேறுகிறது, நார் எவ்வளவு கிடைக்கிறது என்று அது நிறுத்துப் பார்க்கட்டும். அந்நாரைத் தும்பறை நெசவாளர் கையிற் கொடுத்துக் கேட்கட்டும்.