பதினெட்டுப் பேர் நடந்த பீச்!

ரியோ டி ஜெனிரோவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களை எங்கெல்லாம் அழைத்துப் போவார்கள் என்று இப்போதே சொல்லிவிடலாம். 710 மீட்டர் உயர கோர்கோவாடோ மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் இயேசு. அடுத்து, 1912-லிருந்து ரோப் கார் ஓடும் சுகர்லோஃப் குன்று. சாயங்காலம், கோபகபானா பீச்! நாலு கிலோமீட்டருக்குப் பிறை மாதிரி வளைந்த மணல், கையால் தொடாமலேயே வாலிபால் ஆடும் இளசுகள், இளநீர் சீவித் தருகிறவர்கள், கறுப்பு வெள்ளைக் கற்களை அலை அலையாகப் பதித்த நடைபாதை...

அந்த நடைபாதையின் ஒரு கோடியில், பெஞ்ச் ஒன்றில் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பார் கவிஞர் டிருமோன்ட். அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! (அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பல தடவை திருடிவிட்டார்கள்.) எல்லோரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால், பாறை முனையில் ஒரு கோட்டை. 1914-ல் திறக்கப்பட்டது. கடல் வழியாக வரும் எதிரியைச் சுட ஜெர்மனியின் க்ருப் பீரங்கிகள். இன்றைக்கு அது மியூசியம். காபி குடித்துக்கொண்டே மொத்த பீச்சையும் அங்கிருந்து பார்க்கலாம்.

1922 ஜூலையில் அங்கே நிலைமையே வேறு.

அப்போது பிரேசிலின் தலைநகரம் ரியோதான். ஜனாதிபதி பதவியை சாவோ பாலோ, மினாஸ் ஜெராய்ஸ் என்ற இரண்டு மாநிலத்துப் பெரும்புள்ளிகள் பங்கு போட்டுக்கொண்ட காலம். முதலாவதில் காபித் தோட்டங்கள், அடுத்ததில் பால் பண்ணைகள். ஆகவே, இந்த ஏற்பாட்டுக்கே 'காபியும் பாலும்' அரசியல் என்று பெயர் வந்துவிட்டது! தேர்தல் என்னவோ நடக்கும். ஆனால், ரகசிய ஓட்டு கிடையாது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ஊர்ப் பெரிய மனிதருக்குத் தெரிந்துவிடும். பெண்களுக்கு ஓட்டு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இல்லை. அப்புறம் முடிவு எப்படி இருக்கும்?

அந்த முறை வேட்பாளர், மினாஸின் அர்த்தூர் பெர்னார்டஸ். 1921 அக்டோபரில் அவர் எழுதியதாக ஒரு கடிதம் பேப்பரில் வந்தது. முன்னாள் ஜனாதிபதி மார்ஷல் எர்மஸையும் ராணுவத்தையும் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தது அதில். கடிதம் போலி. ஆனால், தீ பற்றிக்கொண்டது. பெர்னார்டஸ் ஜெயித்தார். அரசை எதிர்த்துக் குரல் கொடுத்த மார்ஷலைக் கைது செய்து, ராணுவ அதிகாரிகளின் கிளப்பையும் இழுத்துப் பூட்ட... இளம் லெஃப்டினென்ட்கள் கொதித்துப்போனார்கள். கோபகபானா கோட்டையின் தளபதி யார் தெரியுமா? அந்த மார்ஷலின் சொந்த மகன், கேப்டன் யூக்ளிடெஸ்!

ஜூலை 5, விடிவதற்கு முன்பே கோட்டை முழங்கியது. கடலைப் பார்க்க வேண்டிய பீரங்கிகள் ஊரைப் பார்த்துத் திரும்பின. கூடவே கிளம்புவதாக இருந்த மற்ற ராணுவ முகாம்கள்? சிலவற்றை உடனே அடக்கிவிட்டார்கள், சில அசையவே இல்லை. கோட்டை மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது.

மறுநாள் அதிகாலை, சரணடையச் சொல்லி யுத்த மந்திரியிடமிருந்து போன். 'போக விரும்புகிறவர்கள் போகலாம்' என்று வீரர்களிடம் சொன்னார்கள். உள்ளே இருந்தது 301 பேர். மிஞ்சியது 29! போனவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிப்பாய்க்கு, மார்ஷலின் மானத்துக்காகச் சாக என்ன தலையெழுத்து? பேச்சுவார்த்தைக்காக வெளியே போன கேப்டனும் கைதானார். கடலிலிருந்து போர்க்கப்பல்கள் குண்டு வீசின.

மிச்சமிருந்தவர்களின் தலைவர் சிக்கேரா காம்போஸ். வயது 24. உள்ளேயே இருந்து சாவதா, வெளியே போய்ச் சாவதா என்பதுதான் கேள்வி. வெளியே என்று முடிவானது. கோட்டையின் தேசியக் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கிகளுடன் அந்த பீச் ரோடில் நடக்க ஆரம்பித்தார்கள்.

வழியில் சிலர் நழுவிவிட்டார்கள். ஆனால், ஒருவர் புதிதாகச் சேர்ந்தார்! ஒக்தாவியோ கொரேயா. ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்ஜினீயர். நடந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பத்திரிகை போட்டோகிராபர் அவர்களைப் படம் எடுத்திருக்கிறார். இன்றும் பிரேசிலின் சரித்திரப் புத்தகங்களில் அந்தப் படம் உண்டு. யூனிஃபாரம்களுக்கு நடுவே, சிவில் உடையில் துப்பாக்கியோடு கொரேயா. அன்று மாலையை அவர் பார்க்கவில்லை.

எதிரே பல மடங்கு அரசுப் படை. மணலில் படுத்துக்கொண்டு தோட்டா தீரும்வரை சுட்டார்கள். பிறகு துப்பாக்கிக் கத்திகளோடு வந்து முடித்தது அரசுப் படை. படுகாயத்துடன் பிழைத்தவர்களில் இரண்டு பேர் சிக்கேரா காம்போஸும், எடுவார்டோ கோமஸ் என்ற இன்னொரு லெஃப்டினென்ட்டும். மறுநாளிலிருந்து அவர்கள் 'கோட்டையின் பதினெட்டுப் பேர்'. (கடைசியில் நின்று சுட்டவர்கள் நிஜமாகவே பதினெட்டுதானா என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் தகராறு உண்டு!)

பெர்னார்டஸ் திட்டப்படியே பதவியேற்றார். ஆனால் சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே ஜூலை 5 அன்று சாவோ பாலோவில் லெஃப்டினென்ட்கள் மறுபடி கிளம்பினார்கள். 1930-ல் 'காபியும் பாலும்' கவிழ்ந்தது. 1932-ல் ரகசிய ஓட்டு வந்தது, பெண்களுக்கும் ஓட்டுரிமை. சிக்கேரா காம்போஸ் எதையும் பார்க்கவில்லை. புரட்சிக்குச் சில மாதங்கள் முன்பு விமான விபத்தில் போய்விட்டார்.

கோமஸ் பார்த்தார். விமானப் படையில் பிரிகேடியராகி, 1945-ல் ஜனாதிபதி தேர்தலிலும் நின்றார். ஆள் அழகர், கல்யாணமாகாதவர் வேறு! அவருடைய ஆதரவாளர்களான பெண்கள் கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வெண்ணெய் போட்டுக் கிளறி உருட்டி, நிதிக்காக விற்ற இனிப்புக்கு 'பிரிகடெய்ரோ' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கோமஸ் தோற்றார். இனிப்பு ஜெயித்தது. பிரேசிலில் இன்றைக்கும் அது இல்லாமல் பிறந்தநாள் விழா கிடையாது!

கதை இதோடு முடிந்திருந்தால் நமக்கும் இனிப்பாக இருக்கும். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கோமஸ் அதை ஆதரித்தார். 1965-லிருந்து 1967 வரை அந்த அரசில் விமானத் துறை மந்திரி! ஆட்சியாளர்களை எதிர்த்துச் சாகக் கிளம்பிய அதே மனிதர். 1922-ல் அவர்களை நடக்க வைத்தது மக்களின் ஓட்டா, ராணுவத்தின் ரோஷமா? இரண்டும்தான். எது எத்தனை பங்கு என்பது ஆளுக்கு ஆள் வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சண்டை நடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமா? மெட்ரோ ரயிலில் 'சிக்கேரா காம்போஸ்' ஸ்டேஷனில் இறங்கி, அதே பெயருள்ள தெரு வழியாகக் கடலை நோக்கி நடங்கள். அவர்கள் விழுந்த மணலை மட்டும் தேடாதீர்கள். 1970-ஐ ஒட்டி, கடலோரத்தில் மணல் கொட்டி பீச்சை அகலப்படுத்தியபோது, பழைய மணல் மேல் புது ரோடு போட்டுவிட்டார்கள். பார்த்து க்ராஸ் பண்ணுங்கள், வண்டிகள் வேகமாக வரும்.